கிளெய்மிங் ரேஸில் வேல்யூ தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது குதிரையின் விலை

கடைசி_ஃபர்லாங்:

அமெரிக்காவில் ஓடும் ரேஸ்களில் ஏறக்குறைய பாதி கிளெய்மிங் ரேஸ்தான். ஆனால் நம் ஆட்கள் கூடினால் பேச்செல்லாம் கென்டக்கி டெர்பி, பிரீடர்ஸ் கப் என்றே போகிறது. பெட் வைத்துக் கொஞ்சம் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் வாரநாள் மதியத்தில் நியூயார்க்கின் அக்விடக்ட் மாதிரி தடத்தில் ஓடும் 16,000 டாலர் கிளெய்மரைத்தான் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று விளக்கமாகவே எழுதுகிறேன்.

புதிதாக வருபவர்களுக்கு முதலில் அடிப்படை. கிளெய்மிங் ரேஸில் ஓடும் ஒவ்வொரு குதிரையும் விற்பனைக்கு வந்த குதிரை. ரேஸ் தொடங்கக் கொஞ்ச நேரம் முன்பு வரை, லைசென்ஸ் உள்ள எந்த ஓனரும் அந்த ரேஸுக்கு அறிவித்த விலைக்குப் பணத்தைக் கணக்கில் வைத்துவிட்டுச் சீட்டு போடலாம், அதுதான் கிளெய்ம். ஒரே குதிரைக்கு இரண்டு மூன்று பேர் போட்டால் குலுக்கல். கேட் திறந்த நிமிடத்திலிருந்து குதிரை புது ஓனருடையது, ஆனால் அந்த ரேஸின் பரிசுப் பணம் பழைய ஓனருக்கே போகும். இதனால்தான் யாரும் 50,000 பெறும் குதிரையை 10,000 ரேஸில் இறக்கிச் சுலபமாக ஜெயிக்கப் பார்ப்பதில்லை. பரிசு கைக்கு வரும், குதிரை கையை விட்டுப் போகும்.

ஆக, குதிரையை தினமும் காலையில் காலைத் தொட்டுப் பார்க்கும் மனிதர்கள் அதற்கு ஒரு விலை போட்டிருக்கிறார்கள். நமக்கு ஸ்பீட் ஃபிகர் (ஓடிய வேகத்தை ஒரே எண்ணாகச் சொல்வது) தெரியும், பழைய ஓட்டங்கள் தெரியும். அந்தக் கால் நேற்று சூடாக இருந்ததா என்பது தெரியாது. அவர்களுக்குத் தெரியும், அவர்கள் போடும் விலையில் அது கசிந்து வெளியே வரும். அதனால் ரேஸைக் கையில் எடுத்ததும் எது வேகமான குதிரை என்று தேடுவதற்கு முன்னால், இந்தக் குதிரையை இந்த விலைக்கு இன்றைக்கு விட்டுக்கொடுக்க ஏன் சம்மதித்தார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுப் பாருங்கள். பதில் சரியாகக் கிடைத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், கிடைக்காவிட்டால் அந்தக் குதிரைக்குக் கூடுதல் பெட் விலை கேளுங்கள்.

ஒரு கற்பனை ரேஸை வைத்துச் சொல்கிறேன், நிஜ ரேஸ் எதையும் சுட்டவில்லை. 6 ஃபர்லாங் (முக்கால் மைல்), மண் தடம், 16,000 டாலர் கிளெய்மிங், ஏழு குதிரைகள்.

1-ம் நம்பர் உள்பக்கத்தில் இருந்து கிளம்பும் முன்னோடி, தலைமை கிடைத்தால் பிடித்துக்கொள்ளும், யாராவது பக்கத்தில் ஒட்டினால் கடைசி ஃபர்லாங்கில் விட்டுவிடும். 2-ம் அதே ரகம், கொஞ்சம் மட்டம். 3-ம் நம்பர்தான் ஃபேவரிட், அதாவது அதிகப் பணம் விழும் குதிரை: இரண்டு ரேஸ் முன்பு 32,000-ல் ஜெயித்தது, அடுத்து 25,000-ல் இரண்டாவது, அப்புறம் ஆறு மாதம் ஓய்வு, இன்று 16,000-க்கு வருகிறது. 4-ம் நம்பரைப் போன ரேஸில் 12,500-க்குக் கிளெய்ம் செய்து வாங்கிய நல்ல ட்ரெயினர் 16,000-க்கு ஏற்றி ஓட்டுகிறார். 5-ம் இதே 16,000-ல் மூன்றாவது, இரண்டாவது, மூன்றாவது என்று வந்துகொண்டே இருக்கும், ஜெயிப்பதுதான் அபூர்வம். 6-ம் புல்தரைக் குதிரை, மண்ணில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. 7-ம் போன ரேஸில் 20,000-ல் ஐந்தாவது.

போர்டில் பெட் விலை 3-ம் நம்பர் 7-5 (5 டாலர் வைத்து ஜெயித்தால் 7 டாலர் லாபம்), 4-ம் நம்பர் 3-1, 5-ம் நம்பர் 9-2, 1-ம் நம்பர் 8-1, 7-ம் நம்பர் 9-1, 2-ம் நம்பர் 12-1, 6-ம் நம்பர் 20-1 என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எங்கே பணம் வைப்பீர்கள், ஏன்? இரண்டு பேராவது பதில் சொன்ன பிறகு என் கணக்கைப் போடுகிறேன்.

மண்தடம்:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது அண்ணா, 3-தான். 32,000-ல் ஜெயித்த குதிரை 16,000 கூட்டத்தில் ஓடுகிறது. வகுப்பு இறங்கும் குதிரையைப் பிடி என்பதுதான் நான் முதலில் கற்ற பாடம். எக்ஸாக்டாவில் (முதல் இரண்டு இடத்தை வரிசையாகச் சொல்லும் பெட்) 5-ஐ இரண்டாவதாகப் போட்டு முடித்துக்கொள்வேன்.

கிண்டிக்காரன்:

ஒரு சந்தேகம். நான் ரேஸ் பார்த்து வளர்ந்தது கிண்டியில். அங்கே ரேட்டிங் போடுவார்கள், ரேட்டிங் ஏறினால் முதுகில் எடை ஏறும், அதை வைத்துத்தான் எல்லாக் கணக்கும். இங்கே எடை விஷயம் யாரும் பேசவே இல்லையே?

கடைசி_ஃபர்லாங்:

கிண்டிக்காரன், அதுதான் பெரிய வித்தியாசம். ஹேண்டிகேப் முறையில் குதிரைகளைச் சமமாக்குவது அதிகாரியின் வேலை, எடையைக் கூட்டிக் குறைத்துச் செய்வார். கிளெய்மிங்கில் ஓனர்களே பயத்தாலும் ஆசையாலும் தங்களைச் சமமாக்கிக்கொள்கிறார்கள். விலையை அதிகம் வைத்தால் குதிரை தோற்கும், குறைத்து வைத்தால் பறிபோகும். எடை வித்தியாசம் இரண்டு மூன்று பவுண்டுதான் இருக்கும், நான் அதற்குப் பெரிதாக மதிப்புக் கொடுப்பதில்லை. அப்ரென்டிஸ் (பயிற்சியில் இருக்கும்) ஜாக்கிக்குக் கிடைக்கும் எடைச் சலுகைகூட, அந்தப் பையனுக்கு ஓட்டத் தெரிகிறதா என்பதற்கு அடுத்தபடிதான்.

மண்தடம் சொன்ன 3-ம் நம்பருக்கு வருகிறேன், அங்கேதான் விஷயம் இருக்கிறது.

பல மாநிலங்களில் கிளெய்மிங் விலக்கு என்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட காலம், பொதுவாக நான்கு மாதம்போல, ஓடாமல் திரும்பும் குதிரையை, கடைசியாக ஓடிய விலைக்கோ அதற்கு மேலோ இறக்கினால், அந்த ஒரு ரேஸுக்கு மட்டும் யாரும் கிளெய்ம் செய்ய முடியாதபடி பதிவு செய்துகொள்ளலாம். நீண்ட ஓய்வு கொடுத்து, செலவு செய்து குணப்படுத்திய ஓனர் முதல் ரேஸிலேயே குதிரையைப் பறிகொடுக்கக் கூடாது என்பதற்காகக் கொண்டுவந்தது.

இப்போது 3-ஐப் பாருங்கள். கடைசியாக ஓடியது 25,000. ஆறு மாதம் ஓய்வு. மறுபடியும் 25,000-லேயே, யாரும் தொட முடியாத பாதுகாப்போடு ஓட்டியிருக்கலாம். அங்கே அது இரண்டாவது வந்த குதிரை, பரிசும் அதிகம். அதை விட்டுவிட்டு 16,000-க்கு, யார் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்று திறந்த கதவோடு நிறுத்தியிருக்கிறார்கள். ஆறு மாதம் தீனி, வைத்தியம், பயிற்சி எல்லாவற்றுக்கும் கொட்டிய ஆள் எதற்கு இதைச் செய்வார்? எனக்குத் தோன்றும் பதில் ஒன்றே ஒன்று, குதிரை பழைய குதிரை இல்லை, அது அவருக்குத் தெரியும்.

இப்படிச் சொல்வதால் 3 ஜெயிக்காது என்று அர்த்தம் இல்லை. பழைய வேகத்தில் முக்கால்வாசி இருந்தாலே இந்தக் கூட்டத்தில் ஜெயிக்கலாம். நான் அதற்கு 26 சதவீதம் கொடுக்கிறேன், ஏழில் அதற்குத்தான் அதிகம். ஆனால் 7-5 விலையில் நஷ்டமில்லாமல் வெளியே வர அது கிட்டத்தட்ட 42 சதவீதம் ஜெயிக்க வேண்டும். 26-க்கும் 42-க்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில்தான் ஃபேவரிட் பிடிப்பவர்கள் பணம் விழுகிறது.

மண்தடம்:

விலக்கு விஷயம் நான் கேள்விப்பட்டதில்லை, அதற்கு நன்றி. ஆனாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஓனருக்குப் பணத் தேவை இருக்கலாம், பார்ட்னர்ஷிப் உடைந்திருக்கலாம், அந்த மாதம் 25,000 ரேஸ் தடத்தில் ஆள் சேராமல் நிரம்பாமல் போயிருக்கலாம். எல்லா இறக்கத்துக்கும் காலில் கோளாறு என்று சொல்லிவிட முடியுமா?

கடைசி_ஃபர்லாங்:

முடியாது. அதனால்தான் 26 சதவீதம், 10 இல்லை. நீங்கள் சொன்ன காரணங்கள் எல்லாம் அதற்குள் அடங்கியிருக்கின்றன.

லாயம்:

நான் குதிரை ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன், பெட் வைப்பது எப்போதாவதுதான். தொடங்கியவர் சொன்னதில் ஒரு விஷயத்தைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய காலத்துக் கணக்காகிவிடும்.

குதிரைப் பந்தய நேர்மை பாதுகாப்புச் சட்டம் 2020-ல் வந்தது, அதன் கீழ் தடப் பாதுகாப்பு விதிகள் 2022 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அதன்படி, ரேஸில் குதிரை இறந்தாலோ, ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் டாக்டர் பார்த்து நொண்டுகிறது என்று சொன்னாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ கிளெய்ம் செல்லாது. குதிரை பழைய ஓனர் தலையிலேயே திரும்பும். ஆகவே கெட்டுப்போன காலை அடுத்தவர் தலையில் கட்டுவது முன்பு மாதிரி சுலபமில்லை. பெரிய இறக்கம் என்றாலே கோளாறு என்ற அனுமானம் கொஞ்சம் பலம் இழந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

இன்னொன்று, எல்லாரும் போர்டைப் பார்க்கிற நேரத்தில் குதிரையைப் பாருங்கள். டிவியில் பார்ப்பவர்கள் வார்ம்-அப் காட்டும்போது ஒலியைக் குறைத்துவிட்டுத் தலையை மட்டும் கவனியுங்கள். முன்காலில் வலி உள்ள குதிரை துள்ளுநடையில் வரும்போது வலிக்கும் கால் தரையில் படும் கணத்தில் தலையை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது தலை இறங்கும். லேசாக இருந்தாலும் நாலைந்து அடியில் தாளம் பிடிபட்டுவிடும். முன்காலில் திடீரென்று புதுசாகக் கட்டு வந்திருந்தால் போன ரேஸ் குறிப்பில் கட்டு இருந்ததா என்று பாருங்கள். எப்போதும் கட்டோடு ஓடும் குதிரை என்றால் கவலை வேண்டாம். இத்தனை நாள் இல்லாமல், விலை இறங்கிய அன்றைக்கே முதல் முறையாக வருவதுதான் நெருடும்.

கடைசி_ஃபர்லாங்:

லாயம், இந்த மாதிரி தகவலுக்காகத்தான் இழை தொடங்கினேன். விதி மாறியது உண்மை, தேவையான மாற்றமும்கூட. ஆனால் ஒரு மணி நேரப் பரிசோதனையில் பிடிபடுவது நொண்டும் குதிரை. முன்பு 85 ஃபிகர் ஓடிய குதிரை இப்போது நொண்டாமல், வலியில்லாமல், ஆனால் 72 மட்டுமே ஓடுகிறது என்றால் எந்தப் பரிசோதனையும் அதை நிறுத்தாது, கிளெய்ம் செல்லுபடியாகும். வயதாகி மெதுவான குதிரைக்கும் உடல்நிலைச் சான்று சுத்தமாகவே வரும். ஆகவே இந்த விதி வருவதற்கு முன்பு 3-க்குக் கொடுத்திருக்கக்கூடியதைவிட ஒன்றிரண்டு சதவீதம் கூட்டுவேன், அது என் 26-க்குள்ளேயே இருக்கிறது, அதற்கு மேல் மாற மாட்டேன்.

கிண்டிக்காரன்:

எதற்கு இந்த விதிகள் எல்லாம் வந்தன? ஏதாவது பெரிய சம்பவம் நடந்ததா?

லாயம்:

நிறைய நடந்தன, ஒன்றைச் சொல்கிறேன். 2011 அக்டோபரில் அக்விடக்ட் தடத்தோடு சேர்த்து கேசினோ திறந்தார்கள். அந்த வருமானத்தில் ஒரு பங்கு ரேஸ் பரிசுக்குப் போனது, கிளெய்மிங் ரேஸ்களின் பரிசு திடீரென்று ஏறியது. குதிரையின் விலையைவிட அது ஒரு தடவை ஜெயித்தால் கிடைக்கும் பரிசு பெரிதானால் என்ன ஆகும் யோசியுங்கள். நாலு கால் ஊன்றி நிற்கிற எந்தக் குதிரையையும் இறக்கிப் பார்த்துவிடலாம் என்று ஆசை வரும், போனால் போகட்டும் என்ற எண்ணம் வரும். அந்தக் குளிர்காலத்தில், 2011 நவம்பர் கடைசியிலிருந்து 2012 மார்ச் வரைக்கும் 21 குதிரைகள் அந்தத் தடத்தில் இறந்தன. மாநில அரசு குழு போட்டு விசாரித்தது, கிளெய்ம் ரத்து விதி, பரிசுக்கும் கிளெய்மிங் விலைக்கும் இடையே வரம்பு எல்லாம் அதற்குப் பிறகு நியூயார்க்கில் வந்தவை.

விலையைப் படிக்கச் சொல்கிறீர்கள், சரி. அதைப் படிக்கும் ஒவ்வொருவரும் ஒரு உயிரின் காலைப் படிக்கிறோம் என்பதை நினைவில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வார்ம்-அப்பில் தலை தூக்கும் குதிரை என்று தெரிந்தால் அதன் மேல் பணம் வைக்காதீர்கள், எவ்வளவு நல்ல விலை கொடுத்தாலும் சரி.

கடைசி_ஃபர்லாங்:

முழுக்க ஒத்துக்கொள்கிறேன்.

எண்கணக்கு:

போர்டு விலைகளைச் சதவீதமாக மாற்றிக் கூட்டிப் பார்த்தேன். 7-5 என்றால் 41.7, 3-1 என்றால் 25, 9-2 என்றால் 18.2, 8-1 என்றால் 11.1, 9-1 என்றால் 10, 12-1 என்றால் 7.7, 20-1 என்றால் 4.8. மொத்தம் 118.5. நூறுக்கு மேல் இருக்கிற அந்தப் பதினெட்டு சொச்சம் தடம் எடுத்துக்கொள்ளும் கமிஷன், 118.5-ல் அது ஏறக்குறைய 16 சதவீதம். நியூயார்க்கில் வின், பிளேஸ், ஷோ பெட்டுக்கு (முதலில், முதல் இரண்டில், முதல் மூன்றில் வரும் என்று வைப்பது) 16 சதவீதம், எக்ஸாக்டாவுக்கும் டபிளுக்கும் (அடுத்தடுத்த இரண்டு ரேஸில் ஜெயிப்பவை) 18.5, ட்ரைஃபெக்டா, சூப்பர்ஃபெக்டாவுக்கு (முதல் மூன்று, முதல் நான்கு இடத்தை வரிசையாகச் சொல்வது) 24. அதாவது கண்ணை மூடிக்கொண்டு வின் பெட் வைக்கிறவர் நூறு டாலருக்கு 84 திரும்ப வாங்குவார். ட்ரைஃபெக்டாவில் 76. மண்தடம் எக்ஸாக்டா என்று சுலபமாகச் சொல்லிவிட்டார், அங்கே கமிஷன் கூட என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதோடு இது பூல் முறை, எல்லார் பணத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஜெயித்தவர்களுக்குப் பிரிப்பது, புக்கி கொடுக்கும் நிலையான விலை கிடையாது. நீங்கள் 9-1 பார்த்து வைத்த பெட், கேட் திறந்த பிறகு 6-1 ஆகிவிடலாம். கம்ப்யூட்டர் வைத்து விளையாடும் பெரிய குழுக்கள் கடைசி நிமிடத்தில்தான் பணத்தைக் கொட்டுகின்றன.

இப்போது தொடங்கியவர் தன் கணக்கைப் போடட்டும். 7-ம் நம்பர் என்று சொல்லப் போகிறார் என்று நினைக்கிறேன்.

கடைசி_ஃபர்லாங்:

ஆமாம், 7தான். என் சதவீதம் இதோ: 3-க்கு 26, 4-க்கு 20, 7-க்கு 16, 5-க்கு 15, 1-க்கு 11, 2-க்கு 7, 6-க்கு 5. கூட்டினால் 100. யாருக்கு எவ்வளவு கொடுத்தாலும் கடைசியில் நூறுக்குள் அடக்கியே ஆக வேண்டும், இது முக்கியம். பிடித்த குதிரைக்கு எல்லாம் வாரிக் கொடுத்துவிட்டுக் கூட்டிப் பார்த்தால் 140 வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

4-ம் நம்பர் எனக்குப் பிடித்த குதிரை. போன ரேஸில் 12,500 கொடுத்து வாங்கிய ட்ரெயினர் இன்று 16,000-க்கு ஏற்றுகிறார் என்றால் குதிரை நன்றாக இருக்கிறது என்று நம்புகிறார். ஒரு நுணுக்கம் இருக்கிறது. பல மாநிலங்களில் கிளெய்ம் செய்த குதிரையைக் குறிப்பிட்ட நாட்களுக்கு, பெரும்பாலும் 30 நாள், வாங்கிய விலைக்குக் கீழே ஓட்டக் கூடாது. ரேஸ்காரர்கள் அதை ஜெயில் என்பார்கள். ஜெயில் இருக்கும்போது கீழே இறங்காமல் இருப்பதில் கொஞ்சம் கட்டாயமும் கலந்திருக்கும். ஜெயில் முடிந்த மறுநாளே வாங்கிய விலைக்குக் கீழே தள்ளினால் வாங்கியவர் வருத்தப்படுகிறார் என்று அர்த்தம். 4-ம் நம்பரை 12,500-லேயே ஓட்டியிருக்கலாம், அங்கே தடை இல்லை, ஆனாலும் ஏற்றினார். நல்ல அறிகுறி. இதை எல்லாரும் பார்க்கிறார்கள், ட்ரெயினருக்குக் கிளெய்ம் செய்த பிறகு வரும் முதல் ஓட்டத்தில் எத்தனை சதவீதம் வெற்றி என்று ரேஸ் புத்தகத்திலேயே அச்சடித்திருக்கும். அதனால்தான் 3-1. என் கணக்கில் 4-1-க்குக் கீழே வாங்கக் கூடாத குதிரை, விட்டுவிட்டேன்.

5-ம் நம்பர் பற்றி ஒரு வரி போதும். இரண்டாவது மூன்றாவது வந்துகொண்டே இருக்கும் குதிரைக்கு வின் பூலில் எப்போதும் தேவைக்கு மேல் பணம் விழும்.

இப்போது 7. போன ரேஸில் ஐந்தாவது, தோற்றது ஐந்து லெங்த். ரீப்ளேயில் பார்த்தால் வளைவு முழுக்க நாலாவது பாதையில் வெளியே ஓடியது. அரைவட்ட வளைவில் ஒரு பாதை வெளியே போனால் குதிரை கூடுதலாக ஓடும் தூரம் ஏறக்குறைய ஒரு லெங்த். பாதை அகலம் மூன்று அடி என்று வைத்து பையால் (π, 3.14) பெருக்கிப் பாருங்கள், ஒன்பது அடி சொச்சம் வரும், ஒரு குதிரையின் நீளம் அது. உள்பாதையில் ஓடிய குதிரையோடு ஒப்பிட்டால் 7 மூன்று லெங்த் கூடுதலாக ஓடியிருக்கிறது. அது மட்டும் இல்லை, அந்த ரேஸில் முன்னால் போன குதிரையை யாரும் நெருக்கவில்லை, பாதி மைல் 47 விநாடி, 6 ஃபர்லாங்குக்கு அது நடைப்பயிற்சி வேகம். பின்னாலிருந்து வரும் குதிரைக்கு அதில் வாய்ப்பே கிடையாது.

இன்றைக்கு 1-ம் 2-ம் இரண்டும் தலைமைக்குச் சண்டை போடும். 45 விநாடிக்குள்ளேயோ ஒட்டியோ பாதி மைல் போய்விட்டால் இரண்டும் கடைசியில் சுருண்டுவிடும், பின்னாலிருந்து வருகிறதுக்குக் கதவு திறக்கும். விலையும் 20,000-லிருந்து 16,000-க்கு ஒரே படிதான் இறங்கியிருக்கிறது. ஐந்தாவது வந்த குதிரையை ஒரு படி கீழே கொண்டுவருவது இயல்பான காரியம், அதில் பதில் தெரியாத கேள்வி ஏதும் இல்லை. ஃபிகர் மட்டும் பார்க்கிறவர் கண்ணில் 7 மங்கலாகத் தெரியும், அதனால் 9-1. என் கணக்கில் 5-1-க்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டிய குதிரை.

எண்கணக்கு:

கதை அழகாக இருக்கிறது, ஆனால் எதிர்த்துப் பேச வேண்டியிருக்கிறது. கமிஷனைக் கழித்துவிட்டுப் பார்த்தால் கூட்டம், அதாவது பெட் வைக்கும் மற்ற எல்லாரும், 7-க்குக் கொடுப்பது 10-ஐ 118.5-ஆல் வகுத்தால் வருவது, 8.4 சதவீதம். நீங்கள் கொடுப்பது 16, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கூட்டம் மொத்தமாகப் பார்த்தால் மோசமாகக் கணிப்பதில்லை. ஃபேவரிட் மூன்றில் ஒன்று ஜெயிக்கிறது, நீண்ட விலைக் குதிரைகள் அதிகம் தோற்கின்றன. லாயத்தில் உள்ளவர்களின் பணமும் அந்தக் கூட்டத்துக்குள்தான் இருக்கிறது. ஒரு குதிரையை இரண்டு மடங்கு குறைவாக மதிப்பிட்டுவிட்டார்கள் என்று சொல்வதற்கு முன், அவர்களுக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாதது ஏதாவது உண்டா என்று கேட்டீர்களா?

ஹாங்காங்கில் பில் பென்டர் பெரிய அளவில் ஜெயித்தபோது தன் மாடலை மட்டும் நம்பவில்லை, போர்டு விலையையும் மாடலுக்குள் சேர்த்துக்கொண்டார், அதை 1994-ல் கட்டுரையாகவும் எழுதியிருக்கிறார். அவரே கூட்டத்தின் சொல்லைக் கேட்டார் என்றால் நாமும் கேட்கலாம்.

கடைசி_ஃபர்லாங்:

நியாயமான கேள்வி, நானும் அப்படித்தான் செய்கிறேன். என் 16-ஐயும் கூட்டத்தின் 8.4-ஐயும் பாதிப் பாதி கலந்தால் 12.2 சதவீதம். 9-1 விலையில் ஒரு டாலருக்குப் பத்து டாலர் திரும்பும், 12.2 சதவீதத்தோடு பெருக்கினால் ஒரு டாலர் 22 சென்ட். இன்னும் லாபப் பக்கம்தான். இதே மாதிரி கலந்து 3-க்குப் பார்த்தால் 73 சென்ட், 4-க்கு 82 சென்ட். கலந்த பிறகும் மிச்சம் நிற்கும் குதிரையில் மட்டும்தான் பெட். கலந்தால் கரைந்துபோகும் குதிரை என்றால் அந்த ரேஸை விட்டுவிடுவேன், ஒரு நாளில் முக்கால்வாசி ரேஸ் அப்படித்தான் போகும். உட்கார்ந்து பார்ப்பதற்குக் காசு கேட்கமாட்டார்கள்.

7-ம் நம்பர் 7-1-க்குக் கீழே இறங்கினால் பெட் இல்லை. இந்த எல்லையை ரேஸுக்கு முன்பே எழுதி வைத்துவிடுவேன், போர்டைப் பார்த்தபடி முடிவெடுத்தால் மனசு பேரம் பேச ஆரம்பித்துவிடும்.

நியூஜெர்சி_வாசி:

எவ்வளவு வைப்பது? அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

எண்கணக்கு:

கெல்லி கணக்கு. பெல் ஆய்வகத்தில் இருந்த ஜான் கெல்லி 1956-ல் எழுதியது. வெற்றி வாய்ப்பை விலையால் பெருக்கி, தோல்வி வாய்ப்பைக் கழித்து, மறுபடி விலையால் வகுக்க வேண்டும். 12.2 சதவீதம், 9-1 என்றால் கையிருப்பில் 2.4 சதவீதம் வரும். 16 சதவீதம் என்று நம்பினால் 6.7 சதவீதம் வரும். நம்பிக்கையில் சின்ன வித்தியாசம், பெட்டில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதனால்தான் கலக்கச் சொன்னேன். கலந்த பிறகும் பாதிக் கெல்லிக்கு மேல் போகாதீர்கள், அதாவது ஆயிரம் டாலர் ஒதுக்கியிருந்தால் இந்த ரேஸில் 12 டாலர்.

குறைவாக இருக்கிறதே என்று தோன்றும். 12.2 சதவீதக் குதிரைகளாகவே பார்த்துப் பார்த்து 20 பெட் வைத்தால், அத்தனையும் தோற்பதற்கே 7 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. எல்லாம் சரியாகச் செய்தாலும் அது நடக்கும். வீட்டு வாடகைப் பணத்தை வைத்து விளையாடுகிறவர் அந்த இருபதைத் தாங்க மாட்டார், பத்தாவதிலேயே தலைகீழாக மாறிவிடுவார். ஒதுக்கிய பணம் தீர்ந்தால் அன்றோடு நிறுத்த முடியாதவர் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்று அன்போடு சொல்கிறேன்.

நியூஜெர்சி_வாசி:

நன்றி. இன்னொரு கேள்வி, ஒரே 16,000 விலைதான், ஆனால் சில ரேஸில் ‘வாழ்நாளில் இரண்டு வெற்றி பெறாதவை’ என்று போட்டிருக்கும். அதுவும் இதுவும் ஒரே தரமா?

மண்தடம்:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், இதில் எனக்கு நல்ல பழக்கம். ஒரே தரம் இல்லை. நிபந்தனை உள்ள ரேஸில் இதுவரை ஒரு தடவைக்கு மேல் ஜெயிக்காத குதிரைகள் மட்டும்தான் ஓடும், பெரும்பாலும் இளசுகள், இல்லாவிட்டால் ஜெயிக்கத் தெரியாதவை. நிபந்தனை இல்லாத 16,000-ல் பத்துப் பதினைந்து தடவை ஜெயித்த பழைய சிங்கங்கள் நிற்கும். அங்கே 16,000-ல் ஜெயித்துவிட்டு இங்கே அதே 16,000-க்கு வரும் குதிரையைப் பார்த்து ‘வகுப்பு மாறவில்லை’ என்று நினைத்துவிடாதீர்கள், அது உண்மையில் பெரிய ஏற்றம். இதற்கு நேர்மாறாக, திறந்த ரேஸில் நாலாவது வந்துவிட்டு நிபந்தனை ரேஸுக்குத் தகுதியோடு வரும் குதிரை கிடைத்தால் விலை அதே போல் இருந்தாலும் இறக்கம்தான். கூட்டம் இதைப் பல தடவை தவறவிடும். நியூயார்க்கில் மாநிலத்தில் பிறந்த குதிரைகளுக்கு மட்டும் என்று இன்னொரு வடிகட்டியும் உண்டு, அதையும் பாருங்கள்.

கடைசி_ஃபர்லாங்:

மண்தடம், அருமையாகச் சொன்னீர்கள். இதை இழையின் மேலேயே ஒட்டி வைக்கலாம்.

கிண்டிக்காரன்:

எல்லாம் சரி, கடைசியில் இவை விலைபோகாத குதிரைகள்தானே? இவ்வளவு உழைப்புக்குத் தகுதியா?

கடைசி_ஃபர்லாங்:

அப்படிச் சொல்லாதீர்கள். ஸ்டைமி என்ற குதிரையை 1943-ல் ஹர்ஷ் ஜேக்கப்ஸ் 1,500 டாலருக்குக் கிளெய்ம் செய்தார், அது ஓய்வு பெறும்போது 9 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்திருந்தது. லாவா மேன் 2004-ல் 50,000-க்குக் கைமாறியது, அப்புறம் ஹாலிவுட் கோல்ட் கப்பைத் தொடர்ந்து மூன்று வருடம் ஜெயித்து, மொத்தம் 50 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தது. ரிச் ஸ்ட்ரைக்கை 2021 செப்டம்பரில் சர்ச்சில் டவுன்ஸில் 17 லெங்த்துக்கு மேல் ஜெயித்த அன்றைக்கே 30,000-க்கு வாங்கினார்கள். அடுத்த மே மாதம், முந்தைய நாள் வேறொரு குதிரை விலகியதால் கடைசி நேரத்தில் இடம் கிடைத்து, டெர்பியை 80-1-ல் ஜெயித்தது. 2 டாலர் வின் டிக்கெட்டுக்கு 163 டாலர் 60 சென்ட்.

இவை அபூர்வம்தான். ஆனால் மூன்றிலும் விற்றவரும் குதிரை தெரிந்தவர்தான், போட்ட விலை அன்றைக்கு அவருக்குச் சரியாகவே பட்டது. விலையைப் படிக்கிறோம் என்றால் அதைப் போட்டவரும் தப்பு செய்யக்கூடியவர் என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். நான் 3-ஐ முழுக்கத் தள்ளாததற்கு இன்னொரு காரணம் இது.

நியூஜெர்சி_வாசி:

கடைசியாக ஒன்று. உங்கள் ரேஸில் 2-ம் நம்பர் காலையில் விலகிவிட்டது என்று வையுங்கள். அப்போதும் 7தானா?

கடைசி_ஃபர்லாங்:

இல்லை, முழு ரேஸையும் மறுபடி எழுத வேண்டும். 2 இல்லாவிட்டால் 1-ம் நம்பர் தனியாகத் தலைமையில் போகும், நெருக்க ஆள் இல்லை. முதல் கால் மைலை அவசரமில்லாமல் ஓடி மூச்சைச் சேமித்துக்கொள்ளும். 7-க்குக் கிடைக்க இருந்த வேகச் சண்டை காணாமல் போகிறது, போன ரேஸில் அதைக் கெடுத்த அதே நிலைமை. என் புதுக் கணக்கு 3-க்கு 28, 4-க்கு 21, 1-க்கு 20, 5-க்கு 15, 7-க்கு 10, 6-க்கு 6.

போர்டில் 1-ம் நம்பர் 8-1-லிருந்து 6-1-க்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள், 7-ம் நம்பர் 8-1. கூட்டத்தின் கணக்கில் 1-க்கு 12 சதவீதம், என்னுடையது 20, கலந்தால் 16. ஏழு டாலர் திரும்பும் விலை, ஆகவே ஒரு டாலருக்கு 1 டாலர் 12 சென்ட். 7-ஐ அதே மாதிரி கலந்தால் 87 சென்ட்தான் தேறும். பெட் 1-ம் நம்பருக்கு மாறுகிறது, அதுவும் 6-1-க்குக் கீழே இறங்கினால் எனக்கு வேண்டாம், 12 சென்ட் மிச்சம் அதிகம் தாங்காது. காலையில் விலகல் பட்டியல் வந்த பிறகு இந்த வேலையை மறுபடி செய்ய நேரம் இல்லாத நாளில் நான் அந்த ரேஸைத் தொடுவதில்லை.